சிசி சொல்லாத கதை: அமெரிக்க, ஜெர்மன் என்ஜின்கள் பிரிந்ததும் இடம் மாறியதும்

கார் பிரியர்கள் நான்கு பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்தால், தே தாரிக் ஆறுவதற்குள் ஒரு வழக்கு தொடங்கிவிடும். வேகக் கார் என்று வந்தால் அமெரிக்க என்ஜின் உயர்ந்ததா, ஜெர்மன் என்ஜின் உயர்ந்ததா என்பதே அந்த வழக்கு.

ஜெர்மன் கட்சிக்காரர் முதலில் எழுவார். "ஐந்து லிட்டரில் ஜெர்மானியர் எடுக்கும் சக்தியை எடுக்க அமெரிக்கருக்கு ஏழு லிட்டர் தேவைப்படுகிறது. அதுவும் தாத்தா காலத்துத் தொழில்நுட்பத்தில்" என்பார். அமெரிக்கக் கட்சிக்காரர் விடமாட்டார். "அதே சக்தியைக் குறைந்த விலையில் கொடுக்கிறார்களே, அது திறமை இல்லையா?" என்று திருப்பிக் கேட்பார். கடை மூடும் நேரம் வரும். தீர்ப்பு மட்டும் வராது.

இரு தரப்பும் சண்டையில்லாமல் ஒப்புக்கொள்ளும் கருத்து ஒன்று உண்டு. அமெரிக்கர் என்றால் பெரியது, ஜெர்மானியர் என்றால் நுட்பமானது; அது அந்தந்த இனத்தின் குணம் என்பதே அது. வரலாற்றைப் புரட்டினால் முதலில் அடிபட்டுப் போவது இந்தக் கருத்துதான். ஒரு நாட்டு என்ஜினின் உருவத்தைப் பொறியாளர் மட்டும் தீர்மானிப்பதில்லை. வரி வசூலிப்பவரும், எண்ணெய் விலையும், சாலையும், பந்தய விதியும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. அவை மாறியபோதெல்லாம் இரு நாட்டாரும் இடம் மாறி நின்றிருக்கின்றனர்.

மலேசிய, சிங்கப்பூர் வாசகர்களுக்கு இது விளங்காத விஷயமல்ல. இங்கே பெட்ரோல் காரின் சாலை வரி சிசியைப் பொறுத்தது. கார் வாங்கப் போகும்போது, "1.6 போதுமே, 1.8 எதற்கு?" என்று வீட்டில் எழும் பேச்சைக் கேட்காதவர் இருக்க முடியாது. ஏறக்குறைய அதே பேச்சுதான் ஜெர்மன் என்ஜினையும் செதுக்கியது.

காற்றுதான் கணக்கு

என்ஜின் என்பது அடிப்படையில் காற்றை இழுத்து வெளியேற்றும் ஒரு பம்பு. பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம். அதை எரிக்கப் போதிய காற்று இல்லாவிட்டால் பயனில்லை. அதிகச் சக்தி வேண்டுமானால் அதிகக் காற்றை உள்ளே அனுப்ப வேண்டும். அதற்கு மூன்று வழிகள் உண்டு.

கல்யாண வீட்டுச் சமையலை நினைத்துக்கொண்டால் இது எளிதில் புரியும். ஆயிரம் பேருக்குச் சோறு வேண்டும். பெரிய அண்டாவை அடுப்பில் ஏற்றி ஒரே தடவையில் வடிக்கலாம். சிறிய பானையில் மளமளவென்று பல தடவை வடிக்கலாம். அல்லது பிரஷர் குக்கரைக் கொண்டு வந்து அழுத்தத்தின் துணையோடு வேலையை முடிக்கலாம்.

பெரிய அண்டா என்பது என்ஜினின் கொள்ளளவு, அதாவது சிசி. சிறிய பானை என்பது நிமிடத்திற்கு 7,000, 8,000 தடவை சுழலும் சிறிய என்ஜின். பிரஷர் குக்கர் என்பது காற்றைத் திணித்து அனுப்பும் சூப்பர்சார்ஜரும் டர்போவும். என்ஜினே சுழற்றும் விசிறி சூப்பர்சார்ஜர். வெளியேறும் புகையின் வேகத்தில் சுழல்வது டர்போ.

காற்றை உள்ளே விடும் கதவு வால்வு. அதைத் திறப்பது கேம் தண்டு. பெரிய அமெரிக்க வி8 என்ஜினில் இந்தத் தண்டு என்ஜினின் நடுவயிற்றில் இருக்கும். அங்கிருந்து புஷ்ராட் எனப்படும் நீண்ட தள்ளுகோல்கள் மேலே சென்று வால்வுகளை இயக்கும். பாகங்கள் குறைவு, செலவு குறைவு, என்ஜினின் தலை சிறியது. ஆனால், சுழற்சி மிக வேகமாகும்போது அந்தக் கோல்களின் எடையே தடையாகிவிடும். கேம் தண்டைத் தலைக்கு மேலேயே வைத்துவிட்டால் அந்தத் தடை நீங்கும்; சுழற்சியைக் கூட்டலாம். ஆனால், தலை பெருக்கும், என்ஜின் அகலமாகும், விலையும் ஏறும். ஆக, எந்த முறையும் இலவசமாக வருவதில்லை.

தலைகீழாக இருந்த காலம்

1876ஆம் ஆண்டில் நான்கு வீச்சு என்ஜினை இயக்கிக் காட்டிய நிக்கோலஸ் ஓட்டோ ஜெர்மானியர். 1886ஆம் ஆண்டில் மோட்டார் வாகனத்திற்கு உரிமம் பெற்ற கார்ல் பென்ஸும் ஜெர்மானியரே. பென்ஸின் முதல் வாகனத்தில் இருந்த ஒற்றைச் சிலிண்டர் என்ஜின் 954 சிசி. அதன் சக்தி ஒரு குதிரைச்சக்திகூட இல்லை.

அதன் பின்னர் நடந்ததைப் பார்த்தால், "ஜெர்மன் என்றால் சிறியது" என்ற எண்ணம் எவ்வளவு பிந்தி வந்தது என்பது தெரியும். 1928ஆம் ஆண்டில் வெளிவந்த மெர்சிடிஸ் எஸ்எஸ்கே அக்காலத்தில் ஜெர்மனியின் பெருமை. அதை உருவாக்கிய அணிக்குத் தலைமை தாங்கியவர் பெர்டினாண்ட் போர்ஷே. அதன் கொள்ளளவு 7 லிட்டருக்கும் அதிகம். ஆறு சிலிண்டர், அதற்கு மேல் ஒரு சூப்பர்சார்ஜர். பெரிய அண்டாவும் குக்கரும் ஒன்றாகச் சேர்ந்த கதை அது.

அதே 1928ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டியூசன்பெர்க் மாடல் ஜே அறிமுகமானது. எட்டுச் சிலிண்டர், தலைக்கு மேல் இரண்டு கேம் தண்டுகள், சிலிண்டருக்கு நான்கு வால்வுகள், நிறுவனம் அறிவித்த சக்தி 265 குதிரைச்சக்தி. பிற்காலத்தில் ஐரோப்பிய நுட்பத்தின் அடையாளமாகக் கருதப்பட்ட இரட்டைக் கேம், நான்கு வால்வு அமைப்பு அன்றே அமெரிக்கச் சாலையில் ஓடியது. அதைச் செய்த ஃபிரெட், ஆகஸ்ட் டியூசன்பெர்க் சகோதரர்கள் ஜெர்மனியில் பிறந்து, சிறுவயதில் அமெரிக்காவில் குடியேறியவர்கள்!

இனத்தின் குணம் என்று பேசுபவர்கள் இந்தச் சகோதரர்களை எந்தக் கட்சியில் சேர்ப்பார்கள்? அவர்கள் காரின் விலை சாதாரண மக்களுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. பொருளாதார மந்தம் வாடிக்கையாளர்களைக் கரைத்தது. 1937ஆம் ஆண்டில் நிறுவனம் மூடப்பட்டது. அமெரிக்காவுக்கு அந்த நுட்பம் தெரியாமல் போகவில்லை. அதற்கு விலை கொடுக்க ஆள் இல்லாமல் போனது.

சாமானியனுக்கு எட்டுச் சிலிண்டர்

1932ஆம் ஆண்டில் ஹென்றி ஃபோர்டு செய்த காரியம் அமெரிக்கப் பாதையைத் தீர்மானித்தது. அதுவரை எட்டுச் சிலிண்டர் என்பது பணக்காரர் சொத்து. ஃபோர்டு நிறுவனம் வி8 என்ஜினின் உடலை ஒரே வார்ப்பாக வார்த்து, மலிவான காரில் பொருத்திச் சந்தைக்குக் கொண்டு வந்தது. 3.6 லிட்டர், 65 குதிரைச்சக்தி. இன்றைய கணக்கில் இது சிறிய எண். அன்றைக்கோ, சம்பளக்காரர் ஒருவர் செல்வந்தரின் காரைச் சாலையில் முந்திச் செல்ல முடிந்தது அதுவே முதல் தடவை எனலாம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து வீடு திரும்பிய இளைஞர்கள் பழைய ஃபோர்டு கார்களை விலைக்கு வாங்கி, தேவையற்ற பாகங்களைக் கழற்றிவிட்டு, கலிபோர்னியாவின் வறண்ட ஏரித் தரைகளில் வேகப் போட்டி நடத்தினர். என்ஜினைப் பிரித்து மாட்டும் அறிவு பட்டறைகளிலிருந்து வீட்டு முற்றங்களுக்கு வந்தது. "ஹாட் ராட்" என்ற கலாசாரம் அப்படி வளர்ந்ததே.

1955ஆம் ஆண்டில் செவ்ரோலே நிறுவனம் தன் சிறிய வி8 என்ஜினை வெளியிட்டது. அதன் வடிவமைப்புக்குத் தலைமை தாங்கியவர் எட் கோல். 4.3 லிட்டர் கொள்ளளவு, தொடக்கத்தில் 162 குதிரைச்சக்தி. தள்ளுகோல் முறைதான். ஆனால் எடை குறைவு, பாகங்கள் எளிமை, உற்பத்திச் செலவு குறைவு. இரண்டே ஆண்டுகளில், 1957இல், எரிபொருள் செலுத்து முறையோடு 283 கன அங்குல என்ஜினில் 283 குதிரைச்சக்தி கிடைப்பதாக அந்நிறுவனம் விளம்பரம் செய்தது. கன அங்குலத்திற்கு ஒரு குதிரை என்ற அந்தக் கணக்கு மக்கள் மனத்தில் ஒட்டிக்கொண்டது. அந்த என்ஜின் குடும்பத்தின் 10 கோடியாவது என்ஜின் 2011ஆம் ஆண்டில் தயாரானது என்பது குறிப்பிடத்தக்கது.

அமெரிக்காவில் பெட்ரோல் மலிவு. என்ஜினின் கொள்ளளவை அளந்து தண்டிக்கும் தேசிய வரி கிடையாது. கார்கள் பெரியவை, கனமானவை; தானியங்கி கியர் பரவிக்கொண்டிருந்தது. சிவப்பு விளக்கிலிருந்து பச்சை விளக்குக்கு மாறும்போது காலை அழுத்தினால் உடனே பாய வேண்டும். குறைந்த சுழற்சியிலேயே பெரும் இழுவிசை தரும் பெரிய அண்டாவே அதற்குப் பொருத்தமானது. அண்டாவைப் பெரிதாக்குவதற்கு ஆகும் செலவோ சிறிதளவுதான்.

வரியும் வேகச் சாலையும்

போரில் சிதைந்த மேற்கு ஜெர்மனியின் நிலை வேறு. பெட்ரோல் விலை அதிகம். கார் வரி கொள்ளளவைக் கொண்டு விதிக்கப்பட்டது. அதே வேளையில், போருக்கு முன்பே போடத் தொடங்கிய ஆட்டோபான் வேகச் சாலைகள் விரிந்துகொண்டே வந்தன. அவற்றின் பல பகுதிகளில் வேக வரம்பே இல்லை.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஜெர்மன் என்ஜினின் வடிவம் தானாகத் தெரியும். கொள்ளளவு சிறியதாக இருக்க வேண்டும். ஆனால் மணிக்கு 160 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில், ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் தொடர்ந்து ஓட வேண்டும். கால் கிலோமீட்டர் பாய்ச்சலுக்குச் செய்யப்பட்ட என்ஜின் இதற்கு உதவாது. உயர் சுழற்சியைத் தாங்கும் உடல், எண்ணெய்யைக் குளிர்விக்கும் ஏற்பாடு, துல்லியமான எரிபொருள் அளவு ஆகியவை வேண்டும். ஆகவே கேம் தண்டு மேலே ஏறியது. செலவும் சேர்ந்து ஏறியது.

1954ஆம் ஆண்டில் வெளிவந்த மெர்சிடிஸ் 300 எஸ்எல் இதற்கு நல்ல சான்று. 3 லிட்டர், ஆறு சிலிண்டர், ஏறக்குறைய 215 குதிரைச்சக்தி. பெட்ரோலை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் முறை நான்கு வீச்சு என்ஜின் கொண்ட விற்பனைக் காரில் முதன்முதலாக வந்தது இதில்தான். போர்க்கால விமான என்ஜின்களில் கற்ற பாடம் சாலைக்கு இறங்கியிருந்தது. காரின் முகப்பு தாழ்ந்திருக்க வேண்டும் என்பதற்காக என்ஜினையே சாய்த்து வைத்தனர்.

அந்தக் கார் முதன்முதலாகக் காட்சிக்கு வைக்கப்பட்ட இடம் ஜெர்மனி அன்று, நியூயார்க் நகரம். இப்படி ஒரு கார் விற்கும் என்று வற்புறுத்தியவர் அங்கிருந்த இறக்குமதியாளர் மேக்ஸ் ஹாஃப்மன். ஜெர்மன் நுட்பத்திற்கு விலை கொடுக்கக்கூடிய சந்தை அமெரிக்காவில்தான் இருந்தது. இரு நாட்டுக் கதைகளும் தொடக்கத்திலிருந்தே ஒன்றோடொன்று பின்னிக்கிடந்தன.

கையில் கிடைத்த டர்போ, கைவிட்டுப் போன டர்போ

டர்போ என்றாலே ஜெர்மனி நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால், டர்போ பொருத்திய முதல் விற்பனைக் கார்கள் 1962ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்தவை. ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர் ஒன்று, செவ்ரோலே கோர்வேரின் டர்போ ரகம் மற்றொன்று. இரண்டும் ஜெனரல் மோட்டார்ஸ் குழுமத்தைச் சேர்ந்தவை.

ஜெட்ஃபயரில் 3.5 லிட்டர் அலுமினிய வி8 இருந்தது, சக்தி 215. என்ஜின் சூட்டில் தட்டாமல் இருக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனித் தொட்டியில் ஊற்றி வர வேண்டும். பல உரிமையாளர்கள் அதை ஊற்ற மறந்தனர். தொல்லைகள் பெருகின. 1963ஆம் ஆண்டோடு அந்தக் கார் நின்றது. பக்கத்துக் கடையிலேயே பெரிய வி8 மலிவாகக் கிடைக்கும்போது, திரவம் ஊற்றும் சிரமம் யாருக்கு வேண்டும்? அந்த அலுமினிய என்ஜினின் வடிவமைப்பைப் பிரிட்டனின் ரோவர் நிறுவனம் வாங்கி, பல பத்தாண்டுகளுக்குப் பயன்படுத்திக்கொண்டது.

அமெரிக்கா கைவிட்ட அந்த ஆயுதத்தை ஜெர்மானியர் எடுத்துக்கொண்டு, அமெரிக்க மண்ணுக்கே கொண்டு வந்தனர். வட அமெரிக்காவில் நடந்த கேன்-ஆம் பந்தயத்தில் என்ஜின் கொள்ளளவுக்கு மேல்வரம்பு கிடையாது. 1967 முதல் 1971 வரை ஐந்து ஆண்டுகள் பட்டத்தை வென்ற மெக்லாரன் கார்களில் இருந்தவை செவ்ரோலே வி8 என்ஜின்கள். இறுதியில் அவற்றின் கொள்ளளவு 8 லிட்டரை எட்டியிருந்தது.

1972ஆம் ஆண்டில் போர்ஷே தன் 917 பந்தயக் காரின் 12 சிலிண்டர் என்ஜினில் இரண்டு டர்போக்களைப் பொருத்தி வந்தது. அதை நடத்தியது ரோஜர் பென்ஸ்கேயின் அமெரிக்க அணி. காரை மெருகேற்றுவதில் முக்கியப் பங்காற்றியவர் அமெரிக்க ஓட்டுநரும் பொறியாளருமான மார்க் டோனஹ்யூ. அவ்வாண்டில் அவர் காயமடைந்ததால், அவருக்குப் பதிலாக ஓட்டிய ஜோர்ஜ் ஃபோல்மர் பட்டத்தை வென்றார். 1973இல் டோனஹ்யூ 917/30 காரில் வந்து பட்டத்தைத் தூக்கிச் சென்றார். 5.4 லிட்டர், 1,000 குதிரைச்சக்திக்கு மேல். எட்டு லிட்டர் அண்டா, சிறிய குக்கரிடம் தோற்றது. ஆனால், அந்தக் குக்கரை அடுப்பில் வைத்துப் பதம் பார்த்தவர்களில் அமெரிக்கர்களும் இருந்தனர்.

அந்தப் பாடம் சாலைக்கும் வந்தது. 1973இல் பிஎம்டபிள்யூ 2002 டர்போ, 2 லிட்டரில் 170 குதிரைச்சக்தியுடன் வெளியானது. எண்ணெய் நெருக்கடி அதன் ஆயுளைக் குறைத்துவிட்டது. 1,700க்கும் குறைவான கார்களே தயாராயின. 1974இல் அறிமுகமான போர்ஷே 911 டர்போ, 3 லிட்டரில் 260 குதிரைச்சக்தி கொடுத்தது. அது நிலைத்து நின்றது.

எண்கள் சொன்ன பொய்

1970ஆம் ஆண்டுகளின் அமெரிக்க என்ஜின்களைக் காட்டிக் கேலி செய்வது எளிது. 1971ஆம் ஆண்டின் கொர்வெட் காரில் சாதாரண 5.7 லிட்டர் என்ஜின் 270 குதிரைச்சக்தி என்று எழுதப்பட்டிருந்தது. 1972இல் அது 200. 1975இல் வெறும் 165. ஐந்து லிட்டருக்கு மேல் வைத்துக்கொண்டு 165 தானா என்று சிரிக்கத் தோன்றும்.

அந்தச் சரிவில் ஒரு பங்கு காகிதத்தில் மட்டுமே நடந்தது. அதுவரை அமெரிக்க நிறுவனங்கள் என்ஜினைத் தனியே மேசையில் ஏற்றி, பல துணைப் பாகங்கள் இல்லாமலும், காரில் வரும் புகைக்குழாய் இல்லாமலும் அளந்தன. 1972ஆம் ஆண்டிலிருந்து, காரில் இருக்கும் நிலையிலேயே அளக்கும் முறை பொதுவானது. 270க்கும் 200க்கும் இடையிலான வித்தியாசத்தின் பெரும்பகுதி அளவுகோல் மாறியதால் வந்தது. ஜெர்மானியர் முன்பிருந்தே பின்பற்றிய அளவுமுறை இந்தப் புதிய முறையை ஒத்தது. அப்படியென்றால், அதற்கு முந்திய காலத்து எண்களை அப்படியே எதிரெதிரே வைத்து வாதாடியவர்கள் காற்றில் கத்தி வீசினார்கள் என்றே கொள்ள வேண்டும்.

மீதிச் சரிவு உண்மையானது. 1970ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டம் புகையைக் கட்டுப்படுத்தியது. ஈயம் குறைந்த பெட்ரோலுக்காக என்ஜினின் அமுக்க விகிதம் குறைக்கப்பட்டது. 1975ஆம் ஆண்டுக் கார்களில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கருவி வந்தது. 1974இல் நாடு முழுவதும் மணிக்கு 88 கிலோமீட்டர் என்ற வேக வரம்பும் வந்தது.

1976இல் வோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ, வெறும் 1.6 லிட்டரில் 110 குதிரைச்சக்தியோடு வெளிவந்தபோது ஜெர்மன் கட்சி கொண்டாடியது. 5,000 கார்கள் விற்றால் போதும் என்று தொடங்கியது. முதல் தலைமுறையே நான்கு லட்சத்துக்கும் மேல் விற்றது. சாமானியனுக்கு வேகம் என்ற ஃபோர்டின் பழைய எண்ணம் இப்போது ஜெர்மன் மொழி பேசியது. ஆனால், அன்றைய ஜெர்மனியில் கேட்டலிட்டிக் கருவி கட்டாயமில்லை என்பதையும் தராசில் வைக்க வேண்டும். இரு என்ஜின்களும் ஒரே தேர்வை எழுதவில்லை.

அந்தக் கடுமையான அமெரிக்கச் சட்டத்திற்கு விடை தந்தவர்களில் ஜெர்மனியின் போஷ் நிறுவனமும் ஒன்று. புகையில் எஞ்சியிருக்கும் உயிர்வாயுவை மோப்பம் பிடித்து, எரிபொருளின் அளவைத் திருத்தும் லேம்டா உணரியை 1976இல் அது உற்பத்திக்குக் கொண்டு வந்தது. பின்னாளில் உலகின் கார்கள் அனைத்திலும் பரவிய அந்தச் சிறு கருவியை, அமெரிக்கச் சட்டம் கேட்டது. ஜெர்மன் பட்டறை கொடுத்தது.

வேடம் மாறிய இரு காட்சிகள்

1990ஆம் ஆண்டில் கொர்வெட் இசட்ஆர்-1 வெளிவந்தது. 5.7 லிட்டர் வி8, ஆனால் தள்ளுகோல் இல்லை. நான்கு கேம் தண்டுகள், 32 வால்வுகள், 375 குதிரைச்சக்தி. அப்போது ஜெனரல் மோட்டார்ஸ் வசம் இருந்த பிரிட்டனின் லோட்டஸ் நிறுவனம் வடிவமைத்தது. படகு என்ஜின் செய்யும் மெர்குரி மரின் நிறுவனம் ஓக்லஹோமாவில் பொருத்திக் கொடுத்தது. 1993இல் சக்தி 405 ஆக உயர்ந்தது. சாதாரண கொர்வெட்டைப் போல ஏறக்குறைய இருமடங்கு விலை. 1995ஆம் ஆண்டோடு அந்த என்ஜின் நிறுத்தப்பட்டது.

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. அமெரிக்கப் பொறியாளர்கள் மீண்டும் தள்ளுகோலுக்குத் திரும்பினர். ஆனால், காற்றுப் பாதைகளைப் புதிதாகச் செதுக்கி, உடலை அலுமினியத்தில் வார்த்தனர். 2002ஆம் ஆண்டின் கொர்வெட் இசட்06, அதே 5.7 லிட்டரில் அதே 405 குதிரைச்சக்தியை எட்டியது. 32 வால்வு செய்த வேலையை 16 வால்வு செய்தது. அதுவும் மிகக் குறைந்த செலவில்.

மற்றொரு காட்சி 1994ஆம் ஆண்டின் இண்டியானபோலிஸ் 500 பந்தயம். சிறிய அமெரிக்கப் பட்டறைகளுக்குக் கைகொடுக்கும் நோக்கில், தள்ளுகோல் என்ஜினுக்குக் கூடுதல் கொள்ளளவும் கூடுதல் டர்போ அழுத்தமும் அங்கு அனுமதிக்கப்பட்டிருந்தன. அந்த விதியின் இடுக்கில் நுழைந்தது மெர்சிடிஸ் பெயர் தாங்கிய ஒரு புதிய என்ஜின். இங்கிலாந்தின் இல்மோர் நிறுவனம் அதை ரகசியமாகச் செய்து முடித்திருந்தது. 3.4 லிட்டர், ஏறக்குறைய 1,000 குதிரைச்சக்தி, முழுக்க முழுக்கத் தள்ளுகோல் முறை! அதைக் களமிறக்கியவர் அதே ரோஜர் பென்ஸ்கே. அல் அன்சர் ஜூனியர் பந்தயத்தை வென்றார். விதி இறுக்கப்பட்டது. மறு ஆண்டில் அந்த என்ஜினும் இல்லை. பென்ஸ்கே அணி தகுதிச் சுற்றைக்கூடத் தாண்டவில்லை.

அமெரிக்கா நான்கு கேம் தண்டு அணிந்து நின்றதும், மெர்சிடிஸ் தள்ளுகோல் பிடித்து வென்றதும் நான்கு ஆண்டு இடைவெளியில் நடந்தவை. தேவை வந்தால் எந்த முறையையும் இரு தரப்பும் கையில் எடுக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

சமமான இரு குதிரைகள்

மேசை வழக்குக்கே ஒரு நேரடித் தேர்வு 2005, 2006ஆம் ஆண்டுகளில் கிடைத்தது. பிஎம்டபிள்யூ எம்5 காரின் 5 லிட்டர் வி10 என்ஜின், 7,750 சுழற்சியில் 507 குதிரைச்சக்தி கொடுத்தது. ஜெர்மன் குதிரை அமெரிக்கக் குதிரையைவிடச் சற்றே சிறியது. அமெரிக்கக் கணக்கில் அது 500. கொர்வெட் இசட்06 காரின் 7 லிட்டர் வி8, 6,300 சுழற்சியில் 505 கொடுத்தது. ஏறக்குறைய சமம்.

லிட்டருக்கு எவ்வளவு என்று வகுத்தால் ஜெர்மனி எளிதாக வெல்லும். இழுவிசையை அளந்தால் நிலைமை மாறும். எம்5 என்ஜினின் உச்சம் 520 நியூட்டன் மீட்டர். கொர்வெட்டின் உச்சம் 637. எண்ணெய்ச் செலவைப் பார்த்தால் வியப்பு கூடும். எரிபொருளை விழுங்கும் கார்களுக்கு அமெரிக்கா விதிக்கும் சிறப்பு வரிக்குள் ஐந்து லிட்டர் எம்5 சிக்கியது. ஏழு லிட்டர் கொர்வெட் தப்பியது. எடை குறைந்த இரண்டு இருக்கைக் காரில், நெடுஞ்சாலையில் சோம்பேறியாகச் சுழலும் பெரிய என்ஜின் சிக்கனமாக இருந்தது. எம்5 குடும்பத்தோடு செல்லும் நான்கு கதவுக் கார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஓட்டும் அனுபவம் வேறு கதை. எட்டாயிரம் சுழற்சியைத் தொடும் வி10 என்ஜினின் ஓசைக்காகவே அந்தக் காரை வாங்கியவர்கள் உண்டு. எனவே "எது சிறந்தது" என்று கேட்பவர், எதை அளக்கிறார் என்பதை முதலில் சொல்ல வேண்டும். சிசியை அளந்தால் ஒரு விடை, பெட்ரோலை அளந்தால் ஒரு விடை, காசை அளந்தால் இன்னொரு விடை.

மீண்டும் ஓர் இடமாற்றம்

அதன் பின்னரும் ஆட்டம் நிற்கவில்லை. 2006ஆம் ஆண்டில் மெர்சிடிஸின் ஏஎம்ஜி பிரிவு 6.2 லிட்டர் வி8 என்ஜினை வெளியிட்டு, அண்டாவின் பக்கம் சாய்ந்தது. 2009ஆம் ஆண்டில் ஜெர்மனியின் கார் வரியில் கொள்ளளவோடு கரியமில வாயுவும் சேர்ந்தது. ஐரோப்பா முழுவதும் புகைக் கணக்கு இறுகியது. ஏஎம்ஜி என்ஜின் 4 லிட்டர் டர்போவாகச் சுருங்கியது. 2022ஆம் ஆண்டில் அறிமுகமான சி63 காரில் அது 2 லிட்டர், நான்கு சிலிண்டர். அந்த என்ஜின் மட்டும் 476 குதிரைச்சக்தி. மின்மோட்டாரும் சேர்ந்தால் 680. எண்கள் மலைக்க வைத்தாலும், வி8 ஓசைக்குப் பழகிய வாடிக்கையாளர் பலர் மனம் ஒப்பவில்லை.

மறுபக்கம், 2023 மாடல் கொர்வெட் இசட்06 தள்ளுகோலை விட்டு மீண்டும் நான்கு கேம் தண்டுக்கு வந்தது. 5.5 லிட்டர், டர்போ இல்லை, 8,600 வரை சுழற்சி, 670 குதிரைச்சக்தி. ஒரு காலத்தில் ஐரோப்பியரின் அடையாளமாக இருந்த அலறல் இப்போது அமெரிக்க என்ஜினிலிருந்து எழுந்தது. 2025 மாடல் இசட்ஆர்1 காரில் அதே குடும்ப என்ஜினுக்கு இரண்டு டர்போக்கள் சேர, சக்தி 1,064 ஆனது. 1973இல் பந்தயத் திடலில் மட்டுமே காண முடிந்த எண், பதிவு எண் ஒட்டிய காரில் வந்து நின்றது.

ஓட்டோவிலிருந்து கணக்கிட்டால் ஒன்றரை நூற்றாண்டு. இதில் எந்த நாடும் மற்றதைவிட அறிவாளியாக இருந்ததற்கு ஆதாரம் இல்லை. ஜெர்மனி சிறிய கொள்ளளவில் மூளையைச் செலவழித்தது, வரி அப்படி இருந்ததால். அமெரிக்கா எளிமையில் மூளையைச் செலவழித்தது, வாங்குபவரின் பை அப்படி இருந்ததால். பிள்ளை எப்படி வளரும் என்பதைப் பெற்றோர் மட்டும் தீர்மானிப்பதில்லை, தெருவும் தீர்மானிக்கிறது என்பது என்ஜினுக்கும் பொருந்தும்.

இப்போது தெரு மீண்டும் மாறுகிறது. மின்சாரக் காருக்குச் சிசி கிடையாது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அவற்றின் சாலை வரி மோட்டாரின் கிலோவாட் சக்தியைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. கொள்ளளவைக் குறைத்துவிட்டுச் சக்தியைக் கூட்டும் பழைய வித்தை அங்கே பலிக்காது, சக்திக்கே வரி. வரிக்காரரின் கையில் இருக்கும் அளவுகோல் மாறிவிட்டது. அதற்கேற்ப அடுத்த பொறியாளர் எதைச் சுருக்குவார், எதைப் பெருக்குவார் என்பதில் மேசைக்கு மேசை அடுத்த வழக்கு தொடங்கும்.